யார்டு நிறைய புது வண்டி, ரேக்கில் ஒரு சென்சார் இல்லை: கிருஷ்ணகிரி சர்வீஸ் சென்டரில் என் மூன்றரை வருடம்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கதை அப்புறம். கிருஷ்ணகிரி பைபாஸில் நான் வண்டி விடும் சர்வீஸ் சென்டருக்கு 5க்கு 3 தருவேன். வேலை தெரிந்த ஆட்கள் இருக்கிறார்கள், பில்லில் தில்லுமுல்லு கிடையாது, செய்யாத வேலைக்கு இதுவரை என்னிடம் காசு வாங்கியதில்லை. ஆனால் ஒரு ஸ்பேர் கையிருப்பில் இல்லையென்றால் அது எப்போது வரும் என்று அந்தக் கட்டிடத்துக்குள் யாருக்கும் தெரியாது. மீதி இரண்டு மார்க் அங்கேதான் போனது. கம்பெனி பெயரும் டீலர் பெயரும் போடவில்லை, உள்ளே ஸ்பானர் பிடிக்கிற பையன்களுக்கு என்னால் ஒரு தொந்தரவு வரக்கூடாது. குறையும் அவர்களுடையது அல்ல, அதை விளக்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் ஓசூர் சிப்காட்டில் வண்டி உதிரி பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் 11 வருடம் டெஸ்பாட்ச் பார்த்தவன். அதை விட்டுவிட்டு 2022 ஏப்ரலில் ஒரு டீசல் மினி லோடு வண்டி எடுத்தேன். 2005இல் டாடா ஏஸ் வந்தபோது ஒட்டிக்கொண்ட பெயர் இன்னும் போகவில்லை, எந்தக் கம்பெனி சின்ன லோடு வண்டியாக இருந்தாலும் மண்டியில் அது குட்டி யானைதான், நானும் குட்டி யானைக்காரன்தான். மே முதல் ஜூலை வரை மாங்காய்: சந்தூர், பர்கூர், காவேரிப்பட்டணம் பக்கத்துத் தோப்புகளிலிருந்து கூழ் ஆலைக்குப் பெங்களூரா ரக மாங்காய். மற்ற மாதங்களில் பாலக்கோட்டிலிருந்தும் ராயக்கோட்டையிலிருந்தும் தக்காளி. மாங்காய் ஓடுகிற அந்த மூன்று மாதத்தில் சம்பாதிப்பதுதான் மழைக்காலத்து டியூவுக்கு ஆகும் என்பதால், வண்டி எப்போது நின்றாலும் பரவாயில்லை, ஜூனில் மட்டும் நிற்கக்கூடாது.

2024 ஜூனில் நின்றது.

காரிமங்கலம் தாண்டி கிருஷ்ணகிரி நோக்கி வரும்போது டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. பின்னால் ஒன்றரை டன் மாங்காய். சரி, ஆலையில் இறக்கிவிட்டுப் பார்க்கலாம் என்று ஓட்டினால் பத்து நிமிஷத்தில் வண்டி இழுக்கவில்லை. ஆக்ஸிலேட்டரை அடிமட்டம் வரை மிதித்தாலும் 40க்கு மேல் ஏறாது, பின்னால் வந்த பஸ்காரர் ஹார்னிலேயே என் பரம்பரையை விசாரித்துவிட்டுப் போனார். 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பிஎஸ் 6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்த கதைதான். புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்க ஒரு வடிகட்டி இருக்கிறது, டிபிஎஃப் என்பார்கள். வண்டி கொஞ்ச நேரம் ஒரே சீராக ஓடி சூடு ஏறினால்தான் அந்தக் கரி எரிந்து காலியாகும். தோப்புக்குள் முதல் கியரில் ஊர்ந்து, ஆலை வாசலில் வரிசையில் இன்ஜினை ஓடவிட்டு நிற்கிற வண்டிக்கு அது எங்கே எரியும்? அடைப்பு அதிகம் என்று கம்ப்யூட்டருக்குத் தோன்றிவிட்டால் இன்ஜினைக் காப்பாற்ற அதுவே சக்தியைக் குறைத்துவிடும்.

முதலில் எனக்குப் பழக்கமான ஷெட்டுக்குத்தான் போனேன். அந்த மேஸ்திரி பழைய வண்டிகளில் சத்தத்தை வைத்தே எந்த பேரிங் என்று சொல்லிவிடுவார், ஆனால் அவரிடம் இந்த வண்டிக்கான ஸ்கேனர் இல்லை, அதை மறைக்கவும் இல்லை. பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் மட்டும், "அந்த டப்பாவையே கழட்டி எறிஞ்சிடலாம்ணா, சாஃப்ட்வேர் மாத்திக்கலாம்" என்று ஆசை காட்டினார். அது சட்டப்படி தப்பு, வாரண்டியும் போகும். எஃப்.சி.க்குப் போகும்போது யார் பதில் சொல்வது? வேண்டாம் என்று சர்வீஸ் சென்டருக்கு ஓட்டிக்கொண்டு வந்தேன்.

இதுவரை எல்லாம் சரியாகத்தான் நடந்தது. ஜாப் கார்டு பத்து நிமிஷத்தில் போட்டார்கள். ஃபோர்மேன் ஐம்பது வயதுக்காரர், லேப்டாப்பைச் செருகிப் பார்த்தவர் திரையை மட்டும் நம்பாமல் வண்டிக்கு அடியில் படுத்தார். டிபிஎஃப்புக்கு முன்னும் பின்னும் இரண்டு சின்ன ரப்பர் ஹோஸ் வந்து ஒரு சென்சாரில் சேரும், இரண்டு பக்க அழுத்தத்துக்கும் வித்தியாசம் பார்த்து எவ்வளவு அடைப்பு என்று அந்தச் சென்சார்தான் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். அவர் ஒரு ஹோஸை விரலால் வளைத்துக் காட்டினார், நகக்கீறல் மாதிரி மெல்லிய வெடிப்பு. "அடைப்பெல்லாம் பெருசா இல்லைங்க, இது பொய் சொல்லுது" என்றார். வேறு இடமாக இருந்தால் வடிகட்டியையே மாற்றச் சொல்லி எஸ்டிமேட் போட்டிருப்பார்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே அந்த 3.

சிக்கல் அங்கிருந்து ஆரம்பம். ஹோஸ் தனியாக வராதாம், சென்சாரோடு சேர்ந்த செட்டாகத்தான் வருமாம். செட் கையிருப்பில் இல்லை. ஆர்டர் போட்டாச்சு, இரண்டு மூன்று நாளில் வந்துடும் என்றார் சர்வீஸ் அட்வைசர், இருபத்தைந்து வயது இருக்கும், கையில் டேப்லெட், கழுத்தில் டேக், நல்ல பையன். மூன்று நாள் ஆனது. நாலாவது நாள் போன் பண்ணினால் "டிரான்சிட்ல இருக்கு சார்". ஆறாவது நாள் நேரிலேயே போய் நின்றேன். வாரண்டியில்தான் வேலை, கையிலிருந்து காசு போகவில்லை, ஆனால் வண்டி நிற்கிற ஒவ்வொரு நாளும் டீசல் போக 2,000 ரூபாய்க்கு மேல் எனக்கு நஷ்டம், தோப்புக்காரர் வேறு வண்டி பிடித்துவிட்டார், ஃபைனான்ஸ்காரருக்கு மாங்காய் சீசன் என்றெல்லாம் தெரியாது.

அப்போதுதான் பழைய வேலை ஞாபகம் வந்து ஒன்று கேட்டேன்: "தம்பி, வி.ஓ.ஆர். போட்டீங்களா, ஸ்டாக் ஆர்டர் போட்டீங்களா?"

பையன் முகம் மாறியது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். டீலர்கள் கம்பெனியிடம் ஸ்பேர் கேட்க இரண்டு வழி உண்டு. வாரத்துக்கு ஒரு தடவை மொத்தமாகச் சேர்த்துப் போடும் ஸ்டாக் ஆர்டர் ஒன்று, அதில் டீலருக்குத் தள்ளுபடி நன்றாகக் கிடைக்கும். இன்னொன்று வண்டி ஓடாமல் நிற்கிறது என்று சொல்லிப் போடும் அவசர ஆர்டர், அதற்குப் பெயர்தான் வி.ஓ.ஆர்., சீக்கிரம் வரும், ஆனால் தள்ளுபடி குறையும், கூரியர் செலவும் தலையில் விழும். என் வண்டி தூக்கு மாட்டிக்கொண்டு நிற்கும்போது அதற்கான பாகத்தை ஆயில் ஃபில்டர், வைப்பர் பிளேடோடு சேர்த்து வாராந்திர மூட்டையில் கட்டியிருக்கிறார்கள். பையன் உள்ளே போய் ஸ்பேர்ஸ் மேனேஜரிடம் பேசினான், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கைகள் ஆடுவது தெரிந்தது, அப்புறம் வெளியே வந்து ஒரு துண்டுச் சீட்டில் ஆர்டர் நம்பர் எழுதிக் கொடுத்தான். மூன்றாவது நாள் பாகம் வந்தது. மாட்ட நாற்பது நிமிஷம். ஆக மொத்தம் ஒன்பது நாள்.

கோபம் தணிந்த பிறகு யோசித்துப் பார்த்தால் ஸ்பேர்ஸ் மேனேஜர் மேல் தப்பு என்று சொல்ல முடியவில்லை. அவரை அளக்கிறது ரேக்கில் எவ்வளவு பணம் தூங்குகிறது என்பதை வைத்து. சரக்கு குறைவாக இருந்தால் அவர் நல்ல மேனேஜர். வாகனத் தொழிலில் எல்லோரும் டொயோட்டாவிடம் பாடம் படித்தவர்கள், டாயிச்சி ஓனோ சொன்ன ஜஸ்ட் இன் டைம், தேவையானது தேவையான நேரத்தில் தேவையான அளவு. நான் டெஸ்பாட்சில் இருந்தபோது அந்த வேதத்தைத் தினமும் ஓதினோம். ஆலையின் அசெம்பிளி லைனில் அது பிரமாதமாக வேலை செய்யும், ஏனென்றால் நாளைக்கு எத்தனை வண்டி இறங்கும் என்று இன்றைக்கே தெரியும். ரோட்டில் எந்த வண்டி, எந்த ஊரில், எந்த ஹோஸ் வெடித்து நிற்கும் என்று யாருக்குத் தெரியும்? லைனுக்கான கணக்கைக் கொண்டுபோய் ரிப்பேர் ரேக்குக்குப் போட்டால் இப்படித்தான் ஆகும். அந்த டொயோட்டாவே 2011 சுனாமியில் அடிபட்ட பிறகு, சிப் மாதிரி அவசரத்துக்குக் கிடைக்காத பொருளைச் சில மாதங்களுக்குச் சேர்த்து வைக்கச் சொல்லி சப்ளையர்களை மாற்றியது. அதனால்தான் 2021 சிப் தட்டுப்பாட்டில் மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகநாள் தாக்குப்பிடித்தது. நம் ஆட்கள் பாடத்தின் முதல் பக்கத்தோடு புத்தகத்தை மூடிவிட்டார்கள்.

பழைய வேலையில் பார்த்த இன்னொரு உள்விஷயம். ஒரே பாகத்துக்கு லைனிலிருந்தும் ஆர்டர் வரும், ஸ்பேர்ஸ் பிரிவிலிருந்தும் ஆர்டர் வரும். லைன் ஆர்டர் லேட்டானால் போன் மேல் போன், ஓனர் வரைக்கும் விளக்கம் கேட்பார்கள், நடுராத்திரியில் தனி வண்டி பிடித்து நாலே நாலு பெட்டியை ஏற்றி அனுப்பியிருக்கிறேன். ஸ்பேர் ஆர்டர் லேட்டானால் ஒரு மெயில் வரும், அவ்வளவுதான். லைனுக்குப் போகிற பாகம் பெரிய பெட்டியில் கொட்டினாலே போதும். ஸ்பேருக்குப் போகிறது ஒவ்வொன்றும் தனி டப்பா, தனி லேபிள், எம்.ஆர்.பி. ஸ்டிக்கர், அது முடிந்து கம்பெனியின் பெரிய கோடவுனுக்குப் போய், அங்கிருந்து ஏரியா கோடவுனுக்கு வந்து, அப்புறம் டீலருக்கு. ஓசூரில் செய்த பாகம் கிருஷ்ணகிரிக்கு ஐம்பது கிலோமீட்டர் வர ஊரெல்லாம் சுற்றும். டிவிஎஸ் மோட்டார் 2002இல் தரத்துக்குத் தரும் டெமிங் பரிசு வாங்கிய மாவட்டம் இது (அப்போது ஓசூரும் தருமபுரி மாவட்டம்தான், கிருஷ்ணகிரி பிரிந்தது 2004இல்). தரத்தில் யாரும் நமக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தரமாகச் செய்த பொருள் வேண்டியவன் கைக்கு எப்போது போகிறது என்பதற்கும் ஒரு பரிசு வைத்தால் தேவலை.

ஆறாவது நாள் காத்திருந்தபோது பின்பக்க யார்டைப் பார்த்தேன். புது வண்டிகள், சீட்டில் பாலிதீன் பிரிக்காமல், வெயிலில் வரிசை வரிசையாக. எண்ண ஆரம்பித்து நாற்பதில் விட்டுவிட்டேன். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த சேல்ஸ் தம்பியிடம் "இவ்வளவும் புக்கிங் ஆனதா?" என்றால் சிரிக்கிறான். "மாசக் கடைசியில இறக்கினதுண்ணா." வண்டிக் கம்பெனிகள் மாதாமாதம் சொல்லும் விற்பனைக் கணக்கு பெரும்பாலும் ஆலையிலிருந்து டீலருக்கு அனுப்பிய கணக்குதான், சியாம் என்கிற உற்பத்தியாளர் சங்கம் வெளியிடுவதும் அதைத்தான். ஆர்.டி.ஓ.வில் பதிவான வண்டியை வைத்துச் சொல்வது ஃபாடா, அது டீலர்கள் சங்கம். இரண்டு எண்ணுக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசம் பெரும்பாலும் யாரோ ஒரு டீலரின் யார்டில், வங்கி வட்டியில் நிற்கிறது. கம்பெனிக்கு அது விற்றாகிவிட்டது, டீலருக்கு இன்னும் விற்கவில்லை. அவர் பணம் எல்லாம் அந்த நாற்பது வண்டியில் மாட்டிக்கொண்டிருக்கும்போது, எப்போது தேவைப்படும் என்றே தெரியாத சென்சார் செட்டை வாங்கி ரேக்கில் வைக்க எங்கிருந்து மனசு வரும்? என் ஒன்பது நாளுக்குக் காரணம் அந்த யார்டு என்று நான் நினைக்கிறேன். டீலருக்கு வண்டி விற்று நிற்கிற காசைவிட சர்வீஸிலும் ஸ்பேரிலும் நிற்கிற காசுதான் கடையை நடத்துகிறது என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் பணத்தை எதில் முடக்குவது என்பதை முடிவு செய்கிறவர் வேறு ஊரில் உட்கார்ந்திருக்கிறார்.

2025இல் இதே யார்டை இன்னும் மோசமாகப் பார்த்தேன். ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டையில் ஜிஎஸ்டி குறையப் போகிறது என்று பிரதமர் சொன்னதும், எவன் வண்டி வாங்குவான்? செப்டம்பர் 22 வரைக்கும் ஷோரூமில் ஈ ஓடியது. அதற்கப்புறம் லோடு வண்டிக்கு 28 சதவீதம் 18 ஆனது, ஸ்பேருக்கும் 18 ஆனது, தீபாவளிக்கு யார்டு காலி. செப்டம்பர் முதல் வாரம் நான் 50,000 கிலோமீட்டர் சர்வீஸுக்குப் போனபோது அவசரம் இல்லாத பிரேக் வேலையை 22க்கு அப்புறம் செய்துகொள்ளலாமே என்று அட்வைசரே சொன்னார். வாடிக்கையாளருக்குச் சாதகமாகப் பேசியதற்கு அவரை யாரும் மேலே பாராட்டியிருக்க மாட்டார்கள், ஆனால் தொப்பூர் கணவாயில் லோடோடு இறங்குகிறவன் பிரேக்கைத் தள்ளிப்போட முடியுமா, அன்றைக்கே செய்யச் சொல்லிவிட்டேன்.

அந்த மதிப்பெண் போன் பற்றியும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு சர்வீஸுக்குப் பிறகும் கம்பெனியிலிருந்து போன் வரும், பத்துக்கு எத்தனை கொடுப்பீர்கள் என்று. அதற்கு முந்தின நாளே அட்வைசர் கூப்பிட்டு, "அண்ணா, பத்து போட்டுடுங்கண்ணா, எட்டு போட்டாக்கூட எங்களுக்கு ஒண்ணும் இல்லாத மாதிரி" என்பார். உண்மைதான். நெட் புரமோட்டர் ஸ்கோர் என்று 2003இல் அமெரிக்காவில் வந்த முறை அது, 9ம் 10ம் மட்டும்தான் கணக்கில் ஏறும், 7ம் 8ம் பூஜ்யம், 6ம் அதற்குக் கீழேயும் என்றால் கழித்தல். வாடிக்கையாளர் மனசைத் தெரிந்துகொள்ள வந்தது, நடைமுறையில் சம்பளத்தோடு கட்டிவிட்டதால் மார்க்குக்குக் கெஞ்சுகிற வேலையாகிவிட்டது. அந்த ஒன்பது நாள் கூத்துக்கு நான் 4 போட்டேன். மறுநாள் வந்தது மேனேஜர் போன், குரலில் மன்னிப்பு, ஆனால் கேட்டது ஒன்றுதான்: "சார், திரும்ப கால் வந்தா கொஞ்சம் மாத்திச் சொல்ல முடியுமா?" ஏன் 4 என்று கடைசிவரை கேட்கவில்லை.

ஆட்கள் பிரச்சினையும் இருக்கிறது, ஃபோர்மேன் ஒரு நாள் டீக்கடையில் மனம் விட்டுச் சொன்னார். ஐ.டி.ஐ. முடித்த பையனைக் கம்பெனி டிரெய்னிங்குக்கு அனுப்பி, ஸ்கேனர் பிடிக்கச் சொல்லிக் கொடுத்து, கொஞ்சம் தேறியதும் அவன் ஓசூர் ஆலைக்குப் போய்விடுகிறான். இப்போது கேட்கவே வேண்டாம், ஏத்தர் ஓசூரில், ஓலா போச்சம்பள்ளியில், சிம்பிள் எனர்ஜி சூளகிரியில் என்று மாவட்டம் முழுக்க மின்சார ஸ்கூட்டர் ஆலைகள். பஸ் வந்து வாசலில் ஏற்றிக்கொண்டு போகும், கேன்டீன் உண்டு, கிரீஸ் கையில் ஒட்டாது. போகிற பையன்களைக் குறை சொல்ல நான் யார், நானே ஒரு காலத்தில் அப்படி ஓசூர் பஸ் ஏறியவன்தான்.

மற்றவை சுருக்கமாக. வாட்டர் வாஷ் சுமார், சேசிஸ் அடியில் சேறு அப்படியே இருக்கும், நின்று கேட்டு வாங்க வேண்டும். காத்திருக்கும் அறையில் ஏசி ஓடும், டிரைவர்களை வெளியே உட்கார் என்று யாரும் சொல்வதில்லை, இதைத் தனியாகப் பாராட்ட வேண்டும், எல்லா ஷோரூமிலும் லுங்கிக்கு இந்த மரியாதை கிடையாது. லேபர் ரேட் ஷெட்டைவிட அதிகம்தான், ஆனால் எழுதி ஒட்டியிருக்கிறார்கள், அதற்கு மேல் வாங்குவதில்லை. பழைய பாகத்தைக் கேட்டால் தருவார்கள். வாரண்டியில் மாற்றினால் மட்டும் தர மாட்டார்கள், கம்பெனி ஆடிட்டுக்கு வைக்க வேண்டுமாம், அது நியாயம்தான்.

போகிறவர்களுக்கு ஒன்றிரண்டு சொல்கிறேன். மாசக் கடைசி வாரம் போகாதீர்கள், மொத்தக் கூட்டமும் வண்டி பில் போடுவதில் இருக்கும், ஃபோர்மேனைக்கூட டெலிவரி வண்டி செக் பண்ண இழுத்துவிடுவார்கள். காலை ஒன்பதுக்குள் வண்டியை விட்டுவிட்டு, ஃபோர்மேன் பார்க்கும்வரை கூடவே நில்லுங்கள். ஸ்பேர் இல்லை என்று சொன்னால் சண்டை போட வேண்டாம், வி.ஓ.ஆர். நம்பரை மட்டும் ஜாப் கார்டிலேயே எழுதி வாங்குங்கள். மாங்காய் வண்டிக்காரர்கள் ஏப்ரலிலேயே ஒரு தடவை அந்த இரண்டு ஹோஸையும் வளைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், ஐந்து நிமிஷ வேலை. 2025 ஏப்ரலில் நான் அப்படிக் கேட்டபோது ஃபோர்மேன் சிரித்துக்கொண்டே உள்ளே போய் ஒரு டப்பாவை எடுத்து வந்து காட்டினார், அதே சென்சார் செட், என்னுடையது வந்தபோது கூட ஒன்று சேர்த்துப் போட்டு வைத்தாராம். அது இன்னும் ரேக்கில் இருக்கிறதா என்று தெரியவில்லை, அடுத்த சர்வீஸுக்குப் போனால் கேட்க வேண்டும்.